கிளட்ச் லீவரில் ஒரு மஞ்சள் கயிறு

திங்கள்கிழமை முதல் ஒர்க்‌ஷாப் முன்மேசையில், என் நாற்காலி இருந்த இடத்தில், நீங்கள் இரண்டு பேரும் உட்காரப் போகிறீர்கள். ஒருத்தி பார்த்த வேலைக்கு இரண்டு பேரை எடுத்திருப்பதாக முதலாளி சொன்னபோது சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாள் இடுப்பில் குழந்தையும் கையில் வண்டிக் கோளாறு எழுதும் ஜாப் கார்டுமாக நான் ஒருத்தியே நின்றேனே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கணவருக்கு தர்மபுரிக்கு மாற்றலாகிவிட்டது. போகிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பில் போடுவது, ஸ்பேர் அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. பழகாத விஷயம் ஒன்றுதான், வண்டி கொண்டுவருகிற ஆட்கள். வண்டிக்கு என்ன என்று கேட்டால் யாரும் என்ன ஆகிறது என்று சொல்வதில்லை. என்ன செய்ய வேண்டும் என்றுதான் சொல்வார்கள். “கேபிள இறுக்கு,” “பிளேட்ட மாத்து,” “கார்புரேட்டரக் கழட்டு.” டாக்டரிடம் போய் ஊசி பெயரைச் சொல்கிற மாதிரி.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் வருகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். மலையைச் சுற்றுகிற கூட்டத்துக்குப் பின்னால் பாதித் தூரம் வண்டியை ஊர்ந்து ஓட்டியிருப்பார்கள். கிளட்ச்சை முழுதாக விடாமல், முழுதாகப் பிடிக்காமல், அரைகுறையாக அழுத்திக்கொண்டே போயிருப்பார்கள். வண்டி உள்ளே வரும்போதே கிளட்ச் பிளேட் தீய்ந்த வாசனை முதலில் வரும். போன வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மேசைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “நான் கிளட்ச்ச தொடவே மாட்டம்மா, தேவையில்லாம தொடவே மாட்டேன்,” என்று சத்தியம் செய்தார். அப்படிச் சொல்லும்போது அவர் இடது கையின் இரண்டு விரல்கள் லீவரை அழுத்திக்கொண்டிருந்தன. நின்ற வண்டியில், அணைந்த இன்ஜினில். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அலுப்புதான் வந்தது. அன்றிலிருந்து வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர் கையையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நீங்களும் பாருங்கள்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா, வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். நம் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு இது பிடிக்காது. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அடி அண்ணாமலையிலிருந்து வரும் பால்காரரை நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். வண்டியின் இரண்டு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றியுள்ள ஓட்டல்களுக்கும் டீக்கடைகளுக்கும் பால் ஊற்றுகிறவர். போன மழைக்காலத்தில் அவர் வண்டியில் கிளட்ச் வழுக்கியது. இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பிளேட் தேய்ந்திருந்தது. நான் அலமாரியிலிருந்து புதுப் பிளேட் எடுத்துக் கொடுத்தேன், பாய் போட்டார். கொஞ்ச நாளில் திரும்பி வந்தார், அதே கோளாறு. மறுபடி புதுப் பிளேட். இந்தத் தடவை வழுக்காமல் இருக்கட்டும் என்று பாய் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். வழுக்கல் நின்றது. ஆனால் கியர் மாற்றும்போதெல்லாம் உள்ளே சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம். பால்காரர் போகிற வழியில் யாரிடமோ நிறுத்திக் கேபிளை இறுக்கிக்கொண்டார். சத்தம் நின்றது, வழுக்கல் வந்தது. மூன்றாவது முறை அவர் வந்தபோது வண்டியை நிறுத்துவதற்கு முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

“இன்னாம்மா, புதுப் பிளேட்டுனு பில்லு போடுறீங்க. உள்ள போறது பழைய பிளேட்டா? புதுசு எங்க போவுது?”

நான் மெதுவாகச் சொன்னேன். “நான்தான் எடுத்துக் குடுத்தேன் அண்ணே. பாக்கெட்டப் பிரிச்சதே நான்தான்.”

“நீ குடுத்தம்மா. நீ குடுத்தது வண்டிக்குள்ள போச்சான்னு பாத்தியா?”

உள்ளே பாய் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். பாய் தலை தூக்கவில்லை. அவர் சுபாவம் உங்களுக்குப் போகப் போகத் தெரியும். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர், ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும். கோபம் வந்தால் அதுவும் வராது. அன்று அவர் வாயைத் திறந்து, “நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல,” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எனக்கு அவர் மேலேயே எரிச்சலாக வந்தது.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். வாடிக்கையாளர் நாலு பேர் நிற்கிற இடத்தில், “பாய், இது மூணாவது தடவ. இவர் எதுர்லயே பிரி. பிளேட்டு கருகியிருந்துச்சுனா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீ வேற இடம் பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. நான் கொடுத்ததே தவறான அளவாக இருந்தால்? பாக்கெட்டின் மேல் இருந்ததைச் சரியாகப் படித்தேனா? பாய் வேலை போவது என்னால் என்று ஆகிவிடுமோ? இப்படி என் மனம் ஓடிக்கொண்டிருக்கையில்தான் ஜாப் கார்டு எழுத வண்டிப் பக்கத்தில் போய் நின்றேன்.

அன்று காலை வீட்டில் ஒரு சின்னக் கலவரம். பாப்பாவைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது இடுப்பில் அரைஞாண் கயிற்றின் கீழே சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. பருத்திக் கயிறு, மழைக்காலத்தில் காயாமல் ஈரத்திலேயே இருந்து இறுகிப் போயிருந்தது. நான் தினமும் அதற்குள் சுண்டு விரலை விட்டுப் பார்க்கிறவள். முந்தின இரண்டு நாள் வேலை மும்முரத்தில் பார்க்கவில்லை. மாமியார், “கொழந்த வளருது, கயிறு இறுகத்தான் செய்யும், இதுக்குப் போய் அழுவியா,” என்றார். பாப்பா அழவில்லை, நான்தான் அழுதேன். தளர்த்திக் கட்டிவிட்டு ஓடி வந்திருந்தேன்.

பால்காரர் வண்டியின் கிளட்ச் லீவரில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. லீவர் கைப்பிடியோடு சேருகிற மூட்டில், நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதில் ஒரு எலுமிச்சம்பழம். பழம் வாடிப்போயிருந்தது. கயிறு மழையிலும் நம் வாட்டர் சர்வீஸிலும் நனைந்து கறுத்திருந்தது. காலையிலிருந்து விரல் அந்த நினைப்பிலேயே இருந்ததோ என்னவோ, நான் யோசிக்காமல் சுண்டு விரலை அதற்குள் விடப் பார்த்தேன். போகவில்லை. நகம்கூட நுழையவில்லை.

பிறகு லீவரை மெதுவாக அசைத்தேன். பாய் பல பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: லீவர் முதலில் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும், அப்புறம்தான் கனம் தெரிய வேண்டும். அந்தச் சும்மா ஆடுவதற்குப் பெயர் பிளே. இந்த லீவர் சும்மா ஆடவே இல்லை. கயிறு மூட்டின் இடுக்கில் அடைத்துக்கொண்டு லீவரை எப்போதும் கொஞ்சம் இழுத்தே வைத்திருந்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் இரவும் பகலும் அரைக் கிளட்ச் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பி.காம். படித்து பில் போடுகிறவள், பாயிடம் போய்க் கிளட்ச் பாடம் நடத்துவதா? தப்பாக இருந்தால்? அது சாமி கயிறு வேறு. மேசையில் உட்கார்ந்து ஒரே பில்லை இரண்டு தடவை கூட்டினேன், இரண்டு தடவையும் வேறு வேறு தொகை வந்தது. அதற்குள் பாய் இன்ஜினின் பக்க மூடியைக் கழற்றிவிட்டார். தட்டில் வடிந்த ஆயில் மை மாதிரி கறுப்பாக இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, “கியர்லயும் சத்தம் வருதுன்றாரே. இன்ஜின எறக்கி கியர் பாக்ஸையும் பிரிச்சுடு,” என்றார். அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். நல்ல கியர் பாக்ஸை வீணாகப் பிரித்தால், பழியோடு அதுவும் பாய் தலையில்தான் விழும்.

“பாய், அந்தக் கயிறு கொஞ்சம் பாக்குறீங்களா?”

“எந்தக் கயிறு?”

“லீவர்ல. பிளே இல்ல பாய்.”

“பிளே நான் கீழ இன்ஜின் பக்கத்துல வெச்சேன்.”

“கீழ வெச்சீங்க. மேல கயிறு புடிச்சுக்கினு இருக்கு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். லீவரைத் தொடாமல் குனிந்து மூட்டைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் நான் அவரிடமிருந்து கேட்ட மிக நீளமான பேச்சு.

“லீவரு போறதுக்கு இருக்கிறதே இவ்வளோதான் தங்கச்சி. அதுல பாதிய கயிறு தின்னுடுச்சு. கேபிள டைட்டா வெச்சா பிளேட்டு வழுக்கும். லூசா வெச்சா கிளட்ச்சு முழுசா விடாது, கியர்ல பல்லு மேல பல்லு இடிக்கும். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்தி வெச்சுக்கினு இருந்திருக்கேன். பிளேட்டு தேஞ்சா பிளேட்டோட போவும். தேஞ்ச தூளு ஆயில்ல எறங்கினா கியர் பாக்ஸும் சேந்து போவும்.”

“நீங்க பாக்கலையா பாய்?” இதைக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

“கோயில்ல மந்திரிச்ச கயிறு. நான் ஆயில் கையோட தொட்டேன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லுவாரு. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் சுத்தத் துணிய சுத்தி வெச்சுட்டு வேலை பாத்தேன்.” துணியைச் சுற்றி மரியாதையாக மூடிவைத்த இடத்தில்தான் கோளாறு இருந்திருக்கிறது.

முதலாளியை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. “கத்திரிக்கோல எடு. கயித்த வெட்டு. புதுப் பிளேட்டு ஒரு செட்டு சும்மா போட்டுக் குடு. ஆள் வாய மூடிக்கினு போவட்டும்.”

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் கத்திரிக்கோலைத் தேடும்போது வேறொன்று உறைத்தது. கயிற்றை வெட்டிப் புதுப் பிளேட்டும் போட்டு வண்டி நன்றாக ஓடினால் பால்காரர் என்ன சொல்வார்? ‘சத்தம் போட்டேன், இப்பதான் நெசமாவே புதுசப் போட்டான்’ என்றுதான் சொல்வார். வண்டி சரியாகிவிடும். பாய் திருடன் என்பது நிலைத்துவிடும்.

“சார், அதே பிளேட்டு போடணும்,” என்றேன்.

“அது வழுக்கினா?”

பாய் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரம் கறுத்திருந்தது, ஆனால் முழுதாகத் தேயவில்லை. “ஓடும்னு நெனைக்கிறேன்,” என்றார். நிச்சயமாக ஓடும் என்று சொல்லவில்லை. பிறகு, “அதையே போடலாம். வழுக்கினா நான் போயிடுறேன்,” என்றார். நான் வாயைத் திறந்ததற்காக என்னையே நொந்துகொண்டேன்.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னதும் பால்காரர் மறுத்துவிட்டார். “என் சம்சாரம் கட்டினது. நான் அவுத்தா வூட்டுக்குள்ள கால் வெக்க முடியாது. போன ஆடியில வண்டியோட வுழுந்து இந்தக் கைதான் ஒடஞ்சுது. அதுக்காகத்தான் இந்தப் பக்கம் கட்டுனா.” வாடகை சைக்கிள் எடுத்துப் போய் மனைவியைக் கூட்டிவந்தார். மதியம் அந்த அம்மாள் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்ததுமே நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் வயதுதான் இருக்கும்.

“யாரு கயித்த அவுக்கச் சொன்னது?”

“நான்தாங்க.”

“அவுத்தப்புறம் இவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுனா நீ வந்து நிப்பியா?”

நிற்க முடியாது என்று எனக்கே தெரியும். கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கணவர் பக்கத்திலிருந்து, “இவங்க சொல்றது இன்னான்னா…” என்று ஆரம்பித்ததும், “நீ சும்மா இரு. ஒடஞ்ச கைய வெச்சுக்கினு படுத்திருந்தப்போ யாரு பால் ஊத்துனது?” என்று ஒரே வரியில் அடக்கிவிட்டார். அந்த நேரம் ஸ்பேர் அறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா எழுந்து அழுதாள். காலையில் நான் அழுத கோபத்தில் மாமியார் அவளை மதியமே என்னிடம் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள் குழந்தையின் இடுப்பைப் பார்த்தார்.

“உன் பொண்ணுக்குக் கட்டியிருக்கியே, இத அவுப்பியா?”

“அவுக்க மாட்டேங்க. இன்னைக்குக் காலையில இறுகிப்போயிருந்துச்சு, கோடு விழுந்துடுச்சு. தளத்திக் கட்டினேன். உங்களுதையும் எடுக்கச் சொல்லல. வேற இடத்துல கட்டுங்க. அதே கைப் பக்கம்.”

அவர் பாப்பாவின் சட்டையைத் தூக்கி, வெளுக்கத் தொடங்கியிருந்த அந்தக் கோட்டைப் பார்த்தார். கோட்டின் மேல் விரலால் ஒரு முறை தடவினார். பிறகு வண்டிக்குப் போனார். முடிச்சு கல்லாக இருந்தது. நகத்தால் முடியவில்லை. என் ஊக்கை வாங்கிக் குத்தி நெம்பி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். கடைசிச் சுற்று வந்ததும் லீவர் தானாகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. எல்லோரும் பார்த்தோம்.

கயிற்றைக் கண்ணாடிக் கம்பியில் கட்டினார், அதே இடப் பக்கம். முடிச்சுப் போடும் முன் என்னைப் பார்த்து, “விரல வையி,” என்றார். வைத்தேன். என் விரலோடு சேர்த்துக் கட்டி, அப்புறம் விரலை எடுக்கச் சொன்னார்.

பாய் அப்போது ஒன்று செய்தார். வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. கழற்றிய பிளேட்டுகளை ஒரு பழைய பேப்பரில் வைத்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தார். “நீங்களே வெச்சுக்கோங்கம்மா. நான் கேக்கக் கேக்க ஒவ்வொண்ணாக் குடுங்க.” அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, அடுக்கியிருந்த தோசையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பாய் புது ஆயில் ஊற்றி மூடி, கேபிளுக்குச் சரியான பிளே வைத்தார்.

கேன்களில் தண்ணீர் நிரப்பினோம். பால்காரர் ஏறினார். “நானும் வரேன்,” என்று அந்த அம்மாளும் பின்னால் ஏறிக்கொண்டார். அவ்வளவு பாரம். பாய் கல் மாதிரி நின்றார். முதலாளி வாசலுக்கு வந்துவிட்டார். நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன், அவள் நெளிந்தாள்.

கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் முன்னால் ஓடும், வண்டி பின்தங்கும். எனக்கு அது காதாலேயே தெரியும். வண்டி கிளம்பியது. சத்தமும் வண்டியும் சேர்ந்தே போயின. இரண்டாவது கியர் விழுந்தது கேட்கவில்லை. மூன்றாவதும் கேட்கவில்லை. மேட்டில் ஏறிச் செங்கம் ரோட்டு வளைவில் மறைந்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். திரும்பி வரும் சத்தம் கேட்டது. பால்காரர் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“இப்பதான் ஒழுங்கான பிளேட்டப் போட்டிருக்கீங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. காலையிலிருந்து பட்டதெல்லாம் எதற்கு? பாய் முகம் அப்படியே இருந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து இறங்கிய அந்த அம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் கணவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். கருப்பு ஆயில் ரேகைகளுக்குள் ஏறியிருந்தது.

“எந்தப் பிளேட்டு? நான் இந்தக் கையில வெச்சிருந்த அதே பிளேட்டுதான். நான் எடுத்துக் குடுத்தேன், அவரு போட்டாரு. ஊர்ல போயி வேற மாதிரி பேசின, நடக்குறது வேற.”

பிறகு முதலாளியைப் பார்த்து, “சோப்பு இருந்தா குடுங்க,” என்றார்.

முதலாளி சோப்பு எடுக்கப் போனார். பால்காரர் பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்பார் என்று நீங்களும் எதிர்பார்க்காதீர்கள், இந்த வேலையில் அதெல்லாம் வராது. முதலாளியும் பாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வண்டியின் கார்டை எடுத்து நீட்டினார், பாய் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று முழுக்க ஆறவில்லை. காலையிலேயே சொல்லியிருந்தால் பாய் நாலு பேர் முன்னால் அவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டாமே என்று இப்போதும் தோன்றும்.

நம் ஊரில் கயிறு கட்டாத வண்டி கிடையாது. ஆயுத பூஜைக்கு, கோயிலுக்கு, கண் திருஷ்டிக்கு என்று யாராவது எதையாவது கட்டிக்கொண்டுதான் வருவார்கள். யாரையும் அவிழ்க்கச் சொல்லாதீர்கள், எங்கே கட்டலாம் என்று சொல்லுங்கள். பாய் இன்னமும் எந்தக் கயிற்றையும் தொடுவதில்லை. லீவரில் கயிறு கட்டிய வண்டி வந்தால் பிரிக்கும் முன் மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். “விரல் போவுதா பாரு தங்கச்சி,” என்பார்.

திங்கள்கிழமை முதல் அவர் கேட்பது உங்கள் விரலை.